முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்த இரண்டு பள்ளிகள்

கல்வித் துறையில் பள்ளி ஆய்வு செய்தே ஓய்வு பெற்றவன் நான். இது தெரிந்துதான், குப்பத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் பெண்மணி ஒரு காலை தன் மகளின் வலது கையைப் பிடித்து என் முன்னால் நீட்டினாள். விரல் கணுக்கள் கன்றி வீங்கியிருந்தன. சிறுமி ஏழாம் வகுப்பு. கணக்கு வாத்தியார் மர ஸ்கேலைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருக்கிறார்.

"இன்னா சார் இது, படிப்பா? வேற இஸ்கூல்ல போடணும். அடிக்காத இஸ்கூல் எங்க கீதுன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

பக்கத்தில் இரண்டு மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகள் இருந்தன. இரண்டு தலைமையாசிரியர்களுக்கும் முந்தின நாளே போன் செய்து, வருகிறேன் என்றேன். அதுதான் முறை. சொல்லாமல் போய் நிற்பது அநாகரிகம் என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

முதல் பள்ளியில் குழாயில் தண்ணீர் இல்லை. மாடிப்படியில் ஒருவன் இன்னொருவனின் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். இருவரையும் பிரித்துவிட்ட தலைமையாசிரியர், "பசங்க விளையாடுறாங்க சார்" என்று ரத்தம் பட்ட கையைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவதில் வாசலில் கோலம். ஏழாம் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. "பிரம்பா? அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று வகுப்பாசிரியர் சிரித்தார். ஒழுக்கம் மிக நன்று என்று குறித்துக்கொண்டேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சேர்த்துவிட்டதும் நானே.

மூன்றாம் வாரம் அந்தச் சிரித்த ஆசிரியர் அவளுடைய இடது காதில் அறைந்தார். சட்டைக் காலரெல்லாம் ரத்தம். செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். தாய் நேராக வகுப்புக்குள் போய், மீன் வெட்டும் பலகையால் அவர் முகத்தில் இரண்டு போட்டாள். மூக்கெலும்பு உடைந்தது. தலைமையாசிரியர் முதலில் போலீசைக் கூப்பிட்டார், பிறகு என்னை.

"சார், நீங்க அனுப்பின கேஸ்!"

காவல் நிலையத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். காதுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என வரும் இரண்டு புகார்களும் ஒன்றையொன்று தின்றுவிடும். 'தவறுதலாகக் கை பட்டுவிட்டது' என்று இரு தரப்புக்கும் பொதுவான சமாதானக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்.

அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட தாய், மூக்கில் கட்டுப் போட்டிருந்தவரைப் பார்த்தாள். "கையெயுத்துப் போடறேன் சார். ஆனா இனிமே என் யாவாரம் உங்க கேட்டாண்டதான். பொண்ணு மேல கை வச்சுப் பாரு நைனா, தெரியும்."

சொன்னபடியே பள்ளி வாசலில் கூடையும் பலகையும் கத்தியுமாக உட்கார்ந்துவிட்டாள். நடைபாதை ஆக்கிரமிப்பு என்று புகார் கொடுக்க விதி இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை.

போன வாரம் மீன் வாங்கப் போனபோது, பள்ளி விட்டு வந்த சிறுமியிடம் இப்போது எப்படி என்று கேட்டேன். வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

"என்னை அடிக்கிறதில்ல சார். எனக்குச் சேத்து பக்கத்துல குந்திருக்கிறவள அடிக்கிறாரு."