பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் என் வீடு

காலை 6.50 பேருந்து. காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். எனக்கு முழு டிக்கெட், பதினொரு வயது மகள் ஆமினாவுக்கும் ஆறு வயது மகன் யூசுஃபுக்கும் அரை டிக்கெட். மடியில் ஒரு ஃபைல். பத்தரை மணிக்குப் பாஸ்போர்ட் மையத்தில் பிள்ளைகள் இருவருக்கும் அப்பாயின்ட்மென்ட். இன்று ஃபைல் தள்ளிப்போனால் மாதக் கடைசிக்குள் குடும்ப விசா போட முடியாது. பிள்ளைகளுக்கு துபையில் பார்த்து வைத்திருக்கும் பள்ளிக்கூட இடமும் போய்விடும்.

என் கணவர் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஆண்கள் கடல் கடந்து போவதும் பெண்கள் வீட்டோடு இருப்பதும் எங்கள் ஊர் வழக்கம். கணவரின் காக்கா, அதாவது அண்ணன், போன வாரம்கூட வந்து சொல்லிப் பார்த்தார்.

"எல்லாரும் இப்படித்தானம்மா இருக்காங்க. நீ மட்டும் எதுக்கு வீட்டப் பூட்டிட்டுப் போற?"

"பூட்டல காக்கா. எங்க உம்மா இருக்காங்க. நான் போறேன்" என்றேன். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் பாதிக்கு மேல் ஃபோனிலேயே நடந்துவிட்டது. மிச்சத்தையும் அப்படி நடத்த எனக்கு மனமில்லை.

ஆறுமுகநேரியில் கூட்டம் ஏறியது. ஆத்தூரில் வாழைத் தோட்டங்கள், அடுத்து தாமிரபரணிப் பாலம், முக்காணி. பழையகாயலில் ஏறிய ஒரு அக்கா யூசுஃபைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் சிலுவை கோத்த சங்கிலி. மகன் கப்பலில் இருக்கிறானாம். எங்கே போகிறோம் என்று கேட்டார், துபைக்குக் குடிபோகப் பாஸ்போர்ட் எடுக்க என்று சொன்னேன்.

"போ தாயி. கப்பல்காரன் பொண்டாட்டியா இருவத்தஞ்சு வருசம் வாசலப் பாத்து ஒக்காந்தவ சொல்லுதேன். போயிரு" என்றார். ஊரில் ஒருவரும் சொல்லாத வார்த்தை. கண் கலங்கிவிட்டது, உப்பளத்தைப் பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்புக் குவியல்தான்.

8.05. தூத்துக்குடி. ஆளுக்கு இரண்டு இட்லி தின்றுவிட்டு ஆட்டோ பிடித்தோம், அறுபது ரூபாய்.

11.10. கவுன்டரில் ஐம்பது வயது அதிகாரி. என் பாஸ்போர்ட்டையும் கணவருடைய பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் தரலாம் என்று துபை இந்தியத் துணைத் தூதரகத்தில் கணவர் கையெழுத்திட்டு வாங்கிய உறுதிமொழியையும் பார்த்தார். ஊருக்கு வந்த ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்த தாள் அது.

"ரெண்டு பேருக்கும் வேற வேற அட்ரஸா இருக்கே. பிரிஞ்சு இருக்கீங்களாம்மா?"

பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. படிவம் நிரப்பிய கடைக்காரர் அன்றைக்கே எச்சரித்திருந்தார்: "வாப்பா பாஸ்போர்ட்ல உள்ள அட்ரஸையே புள்ளைகளுக்கும் போட்டுருங்க, கேள்வியே வராது." மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது கணவர் பிறந்த வீடு; அங்கே என் பிள்ளைகள் பெருநாளைக்குப் போய் வட்டலப்ப இனிப்பு தின்றிருக்கிறார்கள். ஒரு ராத்திரி தூங்கியதில்லை.

"பிரியல சார். எங்க ஊர்ல வீடு பொண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனா மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. அவரு பாஸ்போர்ட் எடுத்தது கல்யாணத்துக்கு முந்தி. புதுப்பிக்கும்போதும் பழைய அட்ரஸையே போட்டுட்டாரு."

"அப்போ அவரு அட்ரஸ்ல இப்ப யாரு இருக்கா?"

"அவரு தங்கச்சி. அது இப்ப அவ வீடு. அவ மாப்பிள்ளயும் அங்கனதான்."

"அந்த மாப்பிள்ள பாஸ்போர்ட்ல என்ன அட்ரஸ் இருக்கும்?"

"அவங்க உம்மா வீட்டு அட்ரஸ். அந்த வீட்ல இப்ப அவரு தங்கச்சி இருக்கா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஊரு பூராவும் இப்படியாம்மா?"

"பெரும்பாலும் இப்படித்தான் சார்."

"உங்க வீட்ல அவரு பேர்ல ஒரு கரன்ட் பில்கூட இல்லியா?"

"அவரு பேர்ல ஒரு ஃபேன்கூட இல்ல சார்" என்று வீட்டு வரி ரசீதை எடுத்து வைத்தேன். என் பெயர். குடும்ப அட்டை, குடும்பத் தலைவி நான். அதிகாரி ஆமினாவிடம் குனிந்தார். "பாப்பா, அப்பா ஊருக்கு வந்தா எங்க இருப்பாரு?"

"எங்க வீட்லதான். வேற எங்க போவாங்க?" என்றாள் ஆமினா. அவ்வளவுதான், முத்திரை விழுந்தது. புகைப்படத்தில் யூசுஃப் வாயைத் திறந்துவிட்டதால் மூன்று முறை எடுத்தார்கள்.

மதியம் 1.20. திரும்பும் பேருந்து. நல்ல வெயில், யூசுஃப் தூங்கிவிட்டான். ஆமினா கேட்டாள்: "உம்மா, துபைல வீடு யாரு பேர்ல?"

"வாப்பா பேர்ல. வாடகை வீடு."

"அப்ப நம்ம விசா?"

"அதுவும் வாப்பா பேர்லதான்."

என் உம்மாவோ அவருடைய உம்மாவோ கணவன் வீட்டுக்குக் குடிபோனதில்லை. எங்கள் வம்சத்தில் அப்படிப் போகும் முதல் ஆள் நான்தான். விரும்பித்தான் போகிறேன், யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் அங்கே ஒரு தாள்கூட என் பெயரில் இருக்காது. அதனால்தான் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் என் தெருவும் கதவு எண்ணும் வேண்டும் என்று கவுன்டரில் அப்படி மல்லுக்கு நின்றேன். எந்த ஊரில் எந்த அதிகாரி பிரித்துப் பார்த்தாலும் இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் தபாலில் இரண்டு பாஸ்போர்ட்டும் வந்தன. அட்ரஸ் உள்ள கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கணவர் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் என்னோடது புதுப்பிக்கணும். எந்த அட்ரஸ் போட?"

"லீவுக்கு வந்தா எங்கன பெட்டிய இறக்குவீங்களோ, அங்கன உள்ளத போடுங்க" என்றேன்.