சிறுத்தையின் மிச்ச உடம்பு

நாடு விட்டு வந்து லிட்கம்மில் நான் செய்த வேலையைச் சொன்னால், கோயில் வரிசையில் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள். அதனால் ‘தோல் வேலை’ என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏதோ சப்பாத்துத் தொழிற்சாலை என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. உண்மையில் அது, வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் தோல்களை உயிரோடு இருக்கும் மிருகம்போல நிறுத்திக் கொடுக்கிற பட்டறை. படகில் வந்து தற்காலிக விசாவோடு நின்றவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய காரியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருக்கும் அம்மாவோடு போனில் கதைப்பேன். கதை என்ன கதை, சண்டைதான். 2009இல், போரின் கடைசி நாட்களில், அம்மாவுக்கு மருந்து தேடிப் போன அண்ணா திரும்பி வரவில்லை. அவர் போன பக்கம் போய்ப் பார்க்க அம்மாவை யாரும் விடவில்லை. அவரைத் தேடி அம்மா ஏறாத படி இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதை எரித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் எல்லாக் காரியமும் செய்து முடிக்கலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். அதைச் செய்துவிட்டால் அம்மா கொஞ்சமாவது நித்திரை கொள்வார் என்று நான் நம்பினேன். அம்மா ஒத்துக்கொள்ளவேயில்லை.

“புல்லைக் கொளுத்திப்போட்டு அதை என்ர பிள்ளையெண்டு சொல்லச் சொல்லுறியோ?” என்று போனை வைத்துவிடுவார்.

2012இல் ஆபிரிக்காவிலிருந்து பட்டறைக்கு ஒரு சிறுத்தை வந்தது. சிறுத்தை என்றால் என்ன, தோலும் மண்டையோடும்தான். தோலைப் பதப்படுத்திய பிறகு, இறுகிய நுரையில் வார்த்த ஓர் உடம்பின்மேல் அதை இழுத்துப் பொருத்தி, வயிற்றுப் பக்கமாகத் தைத்தோம். கண்கள் கண்ணாடியில், நாக்கு பிளாஸ்டிக்கில். ஒரு மீசைமயிர்கூட உதிரக்கூடாது என்று முதலாளி என் தலைக்கு மேலேயே நின்றார்.

அதைச் சுட்டவர் ஒரு நாள் பார்க்க வந்தார். வயதான, மரியாதையான மனிதர். வரும்போது எனக்கும் டோனட் வாங்கி வந்திருந்தார். வெறுப்போம் என்று பார்த்தால் அதற்கும் விடமாட்டார் போலிருந்தது. தைத்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மிச்ச உடம்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

அதை யாரும் அவரிடம் கேட்டதில்லையாம். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாம் சொன்னார். வற்றிய ஆற்றோரத்தில், ஒரு மரத்தடியில், ஒரே வெடி. முகாமுக்குக் கொண்டுபோய்த் தோலை உரித்தார்கள். கொழுப்பை அங்கே வேலை செய்தவர்கள் மருந்துக்கென்று எடுத்துக்கொண்டார்கள். இறைச்சியும் எலும்புமாக மிஞ்சியதை முகாமுக்குப் பின்னாலிருந்த சரிவில் போட்டார்கள். கழுதைப்புலியும் கழுகும் வந்தன. விடிந்ததும் அவர் நடந்துபோய்ப் பார்த்தார், முதுகெலும்பில் ஒரு துண்டுதான் கிடந்ததாம்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எலும்பை எடுத்து என் கையில் வைத்தார். தோளுக்குள், வேறெந்த எலும்போடும் ஒட்டாமல் சதையில் கிடக்கிற எலும்பு. வேட்டைக்காரர்கள் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வார்களாம். ஒரு சிறுத்தைக்கு எங்கே, எப்படி, பிறகு என்ன என்று இவ்வளவு தெரிந்திருக்கிறது. என் அண்ணாவுக்கு ஒன்றுமே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, பொறாமை.

அந்த ஞாயிறு சண்டை வேண்டாமென்று சிறுத்தையின் கதையை எடுத்தேன். அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன்.

“மிச்ச உடம்பை என்ன செய்தவையாம்?” என்றுதான் அம்மாவும் கேட்டார்.

சொன்னேன். மரத்தைச் சொன்னேன், சரிவைச் சொன்னேன்.

“விடியப் போய்ப் பாத்தவராமோ?”

“ஓம் அம்மா.”

“போய்ப் பாக்க விட்டவையோ?”

எப்படியாவது கதையை முடித்துவிடவேண்டும் என்று அந்த எலும்பைப் பற்றியும் சொன்னேன்.

“எவ்வளவு பெரிசு அது?”

“சுண்டுவிரல் அளவும் வராது, அம்மா.”

இந்த முறை அம்மா போனை வைக்கவில்லை.

“அவ்வளவு எண்டாலும் என்ர கையில தந்திருந்தா, எல்லாத்தையும் அப்பவே செய்து முடிச்சிருப்பன் தம்பி.”