லேபிள் வெட்டிய மருந்து

லேபிள் இல்லாத ஒரு பொருளை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது? திருப்பூரில் வளர்ந்த எனக்கு, அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சிய பனியன்களை இங்கே பிராண்டு லேபிளை வெட்டிவிட்டுத்தான் விற்பார்கள். கழுத்துப் பட்டியில் கத்தரித்த தடம் இருந்தால் சரக்கு அசல் என்று எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் எல்லோரும் உடுத்தியது அதைத்தான்.

அக்கா ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பழைய பருக்கள் அவள் கன்னங்களில் குழிகளை விட்டுச் சென்றிருந்தன. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுடன் வீடியோவில் பேசும்போது கேமராவை அணைத்துவிடுவாள். கல்யாணத்துக்கு நாள் குறித்ததும், பல்லடம் சாலையில் ஒரு பார்லருக்குப் போய் முகத்தில் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். சால்மன் மீனிலிருந்து எடுத்த மருந்து, தோலைத் தானே புதுப்பித்துக்கொள்ளச் செய்யும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இடது கன்னத்தில் தோலுக்கடியில் கட்டிகள் எழும்பிய பிறகுதான் எனக்குச் சொன்னாள். காலி மருந்துக் குப்பியைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதன் மேல் பசை ஒட்டியிருந்த தடம் மட்டுமே இருந்தது.

"ஏனுங்க்கா, இதுல பேரே இல்லீங்களே?"

"எக்ஸ்போர்ட் சரக்காமா கண்ணு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதுல மிச்சம். அதுனாலதான் லேபிள எடுத்துட்டாங்களாமா." சொல்லிவிட்டுக் குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். "பனியனா இருந்தா சாயம் போகுதான்னு துவைச்சாவது பாத்திருப்பேன்."

கோவையில் தோல் மருத்துவர் நிதானமாக விளக்கினார். இத்தகைய சிகிச்சை உண்டு. தேர்ந்த கையும் அறிந்த மருந்தும் இருந்தால் சிலருக்குப் பலனும் உண்டு. ஆனால் அக்காவின் கன்னத்துக்குள் போனது என்னவென்று தெரியாமல் எதைக் கொண்டு கரைப்பது என்று கேட்டார். கட்டியிலிருந்து சிறு துணுக்கைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, மருந்தின் பெயரை விசாரித்து வரச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அக்கா முகக்கவசத்தின் மேலேயே கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சமூகப்பணி படித்த என் மனம் விளைவுகளைக் கணக்கிட்டபடியே இருந்தது. புகார் கொடுத்தால், பிள்ளைகளோடு தனியாக இருக்கும் பார்லர்க்காரரின் பிழைப்பு போகும். மாப்பிள்ளை வீட்டுக்கும் செய்தி எட்டும். கொடுக்காவிட்டால் அடுத்த முகம் யாருடையது?

மருந்தின் பெயரைக் கேட்க அக்காவும் நானும் பார்லருக்குப் போனோம். பார்லர்க்காரர் எதையும் மறைக்கவில்லை. மருந்து கொண்டுவருபவரின் கைப்பேசி எண்தான் அவரிடம் இருந்தது, அதுவும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தன் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"நானும் போட்டிருக்கறனுங்க. கெட்டதுன்னு தெரிஞ்சா என் மூஞ்சிக்கே போடுவனுங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதே என் அச்சத்தைக் கூட்டியது. எங்களைப் போலத்தான் அவரும் நம்பியிருக்கிறார்.

ஊசிக்காக இரு பெண்கள் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். அக்காவின் கம்பெனியில் தைப்பவர்கள். அவள் போகிற இடம் என்பதாலேயே வந்தவர்கள். மேடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபடி ஒருத்தி எழுந்து நின்றாள். அக்கா முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"பாத்துக்குங்க. இதுக்குத்தான் வந்திருக்கறீங்க."

இருவரும் பைகளை எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் புகாரைத் தன் பெயரிலேயே எழுதச் சொன்னாள். மாப்பிள்ளைக்கும் அவளே போன் செய்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன்.

மருந்து ஆய்வாளர் வந்து போன பிறகு அந்தப் பார்லரில் ஊசி போடுவதில்லை. புருவம் திருத்துவதும் முடி வெட்டுவதும் நடக்கின்றன. பரிசோதனையிலும் விசாரணையிலும் மருந்தின் பெயர் கடைசிவரை தெரியவில்லை. கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. கட்டிகள் மெல்ல வற்றின. ஒன்று மட்டும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. லேபிள் வெட்டிய பனியனை இப்போதும் வாங்குகிறோம். மருந்தென்றால் அக்கா முதலில் பெயரைப் படிக்கிறாள்.