பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது

எங்கள் சைக்கிள் கூட்டத்துக்கு இரண்டே சட்டம். மெதுவாகப் போகிறவர் முன்னால் போக வேண்டும், அவரை யாரும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. இரண்டும் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைப் பலகை தூக்குகிறவர்களிடமிருந்து வந்தவை. அச்சிலிருந்து எடுத்த பொம்மை சூளைக்குப் போகும்வரை வெறும் காய்ந்த மண்தான். அப்படிப்பட்ட பொம்மைகள் வரிசையாக நிற்கும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகையிலிருந்து சூளை வாசலுக்கு நடப்போம். நிதானமாக நடக்கிறவர் முதலில் போவார். மற்றவர்கள் அவர் காலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது "அண்ணே" என்று கூப்பிட்டால் தொலைந்தது. முன்னால் போகிறவர் தன்னையறியாமல் திரும்புவார், பலகை சரியும், ஒரு வாரத்து வேலை மண்ணோடு மண்ணாகப் போகும். வெளியே கிளம்புகிறவரைப் பின்னால் கூப்பிட்டால் வீட்டிலும் திட்டுவார்கள். அதனால் இந்தப் பழக்கம் எங்களுக்கு ஊறிப்போய்விட்டது.

எனக்கு இரண்டு சட்டமும் பிடிக்காது. டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம் நான். முன்னால் ஒருவர் ஆடி அசைந்து போக, நான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு பின்னால் போவதற்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்பேன். என்னைத் தனியாக விட்டால் இந்நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன் என்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்லுவேன். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

முன்னால் போகிறவன் எப்போதும் மங்கலம்பேட்டைக்காரன். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குக் கூட்டாளி. பல வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு, இடுப்பும் முட்டியும் போய்த் திரும்பி வந்தவன். "இனிமே போவ மாட்டேன்டா, இருக்கிறத தின்னுட்டு இங்கயே கெடக்கறேன்" என்று சொல்லி, என் கொட்டகையிலேயே சேர்ந்துகொண்டான். சூளைக்குள் பொம்மை அடுக்குவதில் அவன் கைகாரன். நான் அவசரத்தில் நெருக்கி அடுக்கினால் இரண்டு பிள்ளையார் ஒட்டிக்கொண்டு வெந்திருப்பார்கள். "ஒன் அவசரத்துல சாமிக்கே கல்யாணம் பண்ணி வச்சிட்ட" என்று சிரிப்பான். அவன் சைக்கிள் ஊரில் அவர்கள் வீட்டு மளிகைக் கடைக்கு அரிசி மூட்டை சுமந்த பழைய சைக்கிள். கியர் கிடையாது, ஆனால் பெரிய கேரியரும் ஸ்டாண்டும் உண்டு. அதை மாற்றவும் மாட்டான்.

போன தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு, ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பிப் பொழுது விடியும்போது பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்னால், பொம்மை கட்டக் கயிறு வாங்க மங்கலம்பேட்டைக்குப் போனேன். கடையில் அவன் தம்பி இருந்தான்.

"அண்ணே, திங்கக்கெழம ராத்திரி ஃப்ளைட்டு. வண்டி சொல்லியாச்சு. வழியனுப்ப நீங்களும் வரீங்கல்ல?"

எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. "வராம இருப்பனா?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுபடி வளைகுடாவுக்குப் போகிறான் என்பது ஒரு எரிச்சல் என்றால், என்னிடம் சொல்லவில்லை என்பது ஒன்பது எரிச்சல். மறுநாள் அவன் வழக்கம்போலக் கொட்டகைக்கு வந்தான், பொம்மை அடுக்கினான், என் வழுக்கையைக் கிண்டல் செய்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவன் அவன், நான் எதற்குக் கேட்க வேண்டும்?

கடல் வருவதற்குள் அவன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். சொன்னால் "போகாதே" என்று சொல்வேன். அந்த வார்த்தையை நெஞ்சில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் முதல் வார்த்தை அவனிடமிருந்து வர வேண்டும்.

விருத்தாசலம் பாலக்கரையில் ஐந்து பேர் கூடினோம். அவன், நான், கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயமும் பஞ்சர் கடையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, பேட்டையில் சூளை பார்க்கும் அவர் கணவர். அவரை நாங்கள் அண்ணன் என்போம். அக்காதான் எப்போதும் கடைசி. அவர் கேரியரில் மருந்துப் பை, அதற்குக் கீழே மினுக் மினுக்கென்று சிவப்பு விளக்கு.

"எல்லாரும் வூட்டுல சொல்லிட்டு வந்தீங்களா? நாளைக்கி எவளாச்சும் எனக்கு போன் பண்ணி எம்புருசன் எங்கன்னு கேட்டாள்னா தெரியாதுன்னுடுவேன்" என்றார் அக்கா.

"ஒம்புருசன் எங்கன்னு எனக்கே தெரியல" என்றார் அண்ணன், இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே.

கம்மாபுரம் வழியாகப் போனோம். அறுவடைக் காலம். தார்ச்சாலையில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் இருட்டில் ஒரு வீடு நகர்வதுபோல நகர்ந்தன. ஒவ்வொரு டிராக்டருக்கும் முன்னால் போகிறவன் இடது கையைத் தூக்குவான், நாங்கள் நிற்போம். கல்லுக்குக் கையைத் தாழ்த்துவான், ஒதுங்குவோம். மங்கலான விளக்கு வெளிச்சத்தில் நான் இரவு முழுக்கப் பார்த்தது அவன் முதுகைத்தான். வியர்வையில் ஒட்டிய சட்டை, அதன் கீழே இடம் வலமாக ஆடுகிற இடுப்பு. அந்த முதுகிடம் பேச எனக்கு ஆயிரம் இருந்தது. கட்டை விரல் மணியின் மேலேயே கிடந்தது. அடித்தால் சட்டத்தை மீறியதாகும்.

அண்ணனின் டயர் பஞ்சரானபோது வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கருவேப்பிலங்குறிச்சிக்காரர் டியூபைக் கன்னத்தில் வைத்துக் காற்று கசிகிற இடத்தைத் தேடினார். அவர் மடியில் சக்கரம், வாயில் பீடி.

"பொண்டாட்டியக்கூட இப்படிக் கொஞ்சியிருக்க மாட்டாரு" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் டீயையே பார்த்தான்.

"ஒண்ணு சொல்லணும்டா" என்றான்.

"சொல்லு."

"ஒன் சங்கிலிக்கு எண்ணெ போடுடா. ராத்திரி பூரா எலி கத்துற மாரி கேக்குது."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆறாத டீயை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டுக்கு வந்தபோது இருட்டு இன்னும் விலகவில்லை. கடலுக்குப் போக அங்கே நேராகப் புவனகிரி சாலையைப் பிடிக்க வேண்டும். வலது பக்கம் திரும்பி வெள்ளாற்றுப் பாலம் ஏறினால் காட்டுமன்னார்கோயில், கும்பகோணம். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் வலது பக்கம் திரும்பினான்.

பாலத்தில் அவன் சக்கரம் ஏறியதைப் பார்த்தேன். சட்டம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நம்ம ஊர் வழிகூட மறந்து போனவன் அங்கேயே போகட்டும் என்று ஒரு கெட்ட நினைப்பு வேறு. நான் பேசாமல் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் வந்த மூவரும் பேசாமல் வந்தார்கள். பாலத்தின் மேல் அவன் வேகம் குறைந்தது. கால் தரையைத் தொடுமளவு குறைந்தது. பிறகு மறுபடி மிதித்தான்.

கொஞ்ச தூரத்தில் சாலை கரைமேல் ஏறியது. வலது பக்கம் குளிர்ந்த காற்று வந்து அடித்தது. வெளுக்க ஆரம்பித்த வானத்துக்குக் கீழே தண்ணீர், தண்ணீர், அக்கரை தெரியாத தண்ணீர். வீராணம் ஏரி நிறைந்து கிடந்தது. அவன் இடது கையைத் தூக்கி நின்றான்.

"கடல் வந்துடுச்சு" என்றார் கருவேப்பிலங்குறிச்சிக்காரர், ரொம்ப மரியாதையாக.

"அலையக் காணுமே" என்றார் அக்கா.

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம, அலைக்கி லீவு" என்றார் அண்ணன்.

அப்போது சூரியன் உதித்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், நெல் வயலிலிருந்து. கடலைப் பார்த்து நின்ற ஐந்து பேரின் நிழலும் ஏரிக்குள் நீளமாக விழுந்தது. அக்கா கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாருக்குமே தெரியலயா? பாலம் ஏறுனப்பவே தெரியலயா?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சிது" என்றார் அண்ணன். "பின்னாடியிருந்து கூப்புடக் கூடாதுல்ல. அதுவுமில்லாம..." அவர் அக்காவைப் பார்த்தார்.

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "திங்கக்கெழம போவப்போற ஆளு. ஆசப்பட்ட பக்கம் போவட்டும்னு வுட்டுட்டோம்."

எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து நான் இரண்டு நாளாகச் சுமந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்காரர் தலையைக் குனிந்து பீடியைத் தேடினார். அவருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் நான்கு பேரும் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் மிதித்திருக்கிறோம்.

அவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான்.

"தம்பி சொல்லிட்டான், ஒங்க எல்லாருக்கும் தெரியும்னு. யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றான்.

"நீ சொல்லாம நாங்க எப்படிடா கேக்கறது?"

"எப்படிடா சொல்றது? இனிமே போவ மாட்டேன்னு ஊரு பூரா சொன்ன வாயி." அவன் ஏரியைப் பார்த்தபடியே பேசினான். "கொலு முடிஞ்சா பொம்ம எட்டு மாசம் தூங்குது. வூட்டுல வயிறு தூங்குதா? பொண்ணு பன்னெண்டாவது முடிக்கப் போவுது. ஒன்கிட்ட சொன்னா நீ கத்துவ. நீ கத்துனா நான் நின்னுடுவேன். அதான் சொல்லல. அப்புறம், இவன் கத்தவும் மாட்றானேன்னு இருந்துது."

கரைக்குக் கீழே ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"கூட்டுரோட்டுல தூக்கக் கலக்கத்துலதான் திரும்பிட்டேன்" என்றான் அவன். "பாலத்துல ஏறுனதும் தெரிஞ்சிபோச்சு. மெதுவாப் போனேன். யாராச்சும் ஒருத்தன், 'டேய், அங்க எங்கடா போற, வாடா'ன்னு கூப்புடுவீங்கன்னு பாத்தேன். ஒருத்தனும் கூப்புடல."

நெஞ்சில் தயாராக வைத்திருந்த வார்த்தை அப்போதுதான் வெளியே வந்தது. "போவாதடா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

அவன் என் தோளில் கை போட்டான். அந்தக் கை உப்பும் சங்கிலி எண்ணெயுமாக மணந்தது.

"இப்ப சொல்லு" என்றான். "டிக்கெட்டு போட்டப்புறம் சொல்லு."

"பாலத்துல கூப்புட்டிருந்தா நின்னிருப்பியா?"

"நின்னிருப்பனோ என்னமோ. கூப்புட்டாத்தான தெரியும்."

கடலுக்குப் போகவில்லை. அக்காவுக்கு மதியம் டூட்டி. அவனுக்குப் பெட்டி கட்ட வேண்டும். திரும்பி வரும்போதும் அவன்தான் முன்னால். வெயிலில் அவன் முட்டி வலிக்க வலிக்க, முன்பைவிட மெதுவாக வந்தோம். அன்று ஒரு தடவைகூட நான் பிரேக் பிடிப்பதைக் குறை சொல்லவில்லை. பாலக்கரை வராமலே இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை மங்கலம்பேட்டையில் வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அவன் மனைவி யாரையும் பார்க்காமல் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்ததும் நான் பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூட இருந்த பெரியவர்கள் என்னை முறைத்தார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவனுக்குக் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு சில மாதம் யாரும் சைக்கிளைத் தொடவில்லை. சூளையில் நான் அடுக்கிய பொம்மைகள் ஒட்டிக்கொண்டு வெந்தன. அதைப் படம் எடுத்து அனுப்பினால், "அடுத்த கல்யாணமா?" என்று அங்கிருந்து சிரிப்பான். பிறகு அக்காதான் கிளப்பினார். கிளம்பிய அன்று பாலக்கரையில் ஒரு சிக்கல். முன்னால் யார் போவது? நாலு பேரில் யார் மெதுவோ அவர். கொஞ்ச தூரம் எல்லோரும் இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்த்தோம். கம்மாபுரம் வருவதற்குள் மூன்று விளக்குகள் எனக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டன. இத்தனை வருஷமும் நான் வேகமானவன் என்று நம்பியிருந்தது, எனக்கு முன்னால் அவன் இருந்ததால்தான். மூவரும் நின்று, நான் வந்து சேர்ந்ததும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வழிவிட்டு எனக்குப் பின்னால் வந்தார்கள்.

இரண்டாவது சட்டத்தை அன்றைக்கே தூக்கிவிட்டோம். பலகைக்கு அது இருக்கட்டும், சைக்கிளுக்கு வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் நான் காலை ஊன்றி நின்றேன். "நேரா போ, நேரா போ!" என்று பின்னாலிருந்து மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். திறந்திருந்த ஒரே டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வழி எனக்குத் தெரியும். ஆனாலும் உடனே மிதிக்கவில்லை. பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு, இன்னொரு குரலும் கூப்பிடுமா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.