பிளாஸ்டிக் ரோஜா

நெய்வேலி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு செல்வராஜ் அண்ணன், மைன்ஸில் மெஷின் ஆபரேட்டர்; அங்கே அடிபட்ட பிறகு யாரோடும் பேசாமல் இருந்தார். டாக்டர் சொன்னதால் ஒரு ரோஜாச் செடி வளர்த்தார்.

"இன்னாண்ணே, ஆபரேட்டரு பூக்காரரு ஆயிட்டீங்களா?" என்று தினமும் வம்பிழுப்பேன்.

ஒருநாள் அந்தச் செடியில் பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகிவைத்தேன்.

"கோமதி, பூத்துடுச்சு" என்று மனைவியைக் கூப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டேன். பூவைத் தொட்டார். நான் சிரித்துவிட்டேன். செடியைப் பிடுங்கி என்மேல் எறிந்துவிட்டு உள்ளே போனார்.

அதை ஒரு தொட்டியில் நட்டுப் பிழைக்கவைத்தேன். பூத்ததும் தொட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். கோமதி அக்கா வாசலை மறித்தார்.

"இதுவும் பிளாஸ்டிக்காடா?"

"நெசம்க்கா. தொட்டுப் பாருங்க."

"அவரு தொட்டது போதும்." கதவைச் சாத்திவிட்டார்.

இப்போது செடி விற்கும் நர்சரியில் வேலை செய்கிறேன். பூவைத் தொட்டுப் பார்ப்பவர்களைக் கண்டு நான் சிரிப்பதில்லை.