புள்ளிகளை நீக்கிய பிறகு ஒரு மங்கல்

பிரகாசமான புள்ளிகளை எல்லாம் படத்திலிருந்து நீக்கிவிட்டு, மிஞ்சுவதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். விண்மீன் மண்டலங்கள் பல கூடிய கூட்டங்களில், அவற்றின் இடைவெளிகளிலும் மெல்லிய ரேடியோ ஒளி பரவிக் கிடக்கும். எல்லாக் கூட்டங்களிலும் அல்ல. நான் எடுத்துக்கொண்ட கூட்டத்தில் அது இல்லையென்றால், என் ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயமும் இல்லை. இருக்குமா என்றே தெரியாத ஒன்றுக்கு வருடங்களைக் கொடுத்தவர்களுக்கு என் நிலை புரியும்.

வீட்டில் காட்டியது

தொலைநோக்கித் தரவிலிருந்து எடுத்த முதல் படத்தை மலையில் இருக்கும் எங்கள் ஊர் புசல்லாவைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். கறுப்புத் திரை, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். நான் தேடும் ஒளி அதுவாக இருக்கலாம். அம்மா பொறுமையாகப் பார்த்தார்.

“இதப் பாக்கவா இத்தன வருசமா கண்டியில இருக்க? வாசலுக்கு வா, மலை பூரா இந்தப் பனிதான் எறங்கிக்கிட்டு இருக்கு.”

திருத்தக் கொடுத்தது

மடிக்கணினி சூடாகி நின்றுபோனது. கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் ஒரு கடையில் கொடுத்தேன். விசிறியை மாற்றிய கடைக்கார நானா, படம் திரையில் வந்ததும் துணியை எடுத்துப் படலத்தைத் துடைக்கத் தொடங்கினார். “கறையில்ல நானா, படம்” என்றேன். நம்பாமல் படத்தை நகர்த்திப் பார்த்தார். படலமும் நகர்ந்தது.

“கறையும் சேந்து ஓடுது தங்கச்சி. அப்ப இது வைரஸ்தான்.”

சுத்தம் செய்தது

என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை படத்தைப் பார்க்க வருவதற்கு முதல் நாள் தரவைச் சுத்தம் செய்தேன். எங்கள் தொலைநோக்கி என்பது தூரதேசத்தில் பரப்பி வைத்த அன்டெனாக்கள். சோடி சோடியாகச் சேர்ந்து வானத்தின் ரேடியோ அலைகளைக் கேட்பவை. அருகருகே உள்ள சோடிகளில்தான் இரைச்சல் அதிகம். அவற்றை மொத்தமாகத் தூக்கியெறிந்தேன். படம் பளிங்குபோல் வந்தது. படலத்தைக் காணவில்லை.

நீக்கிய சோடிகளின் பட்டியலைத் திறந்தேன். அகலமாய்ப் பரந்து கிடப்பதை அந்தக் கிட்டத்துச் சோடிகள்தான் பிடிக்கும் என்பது முதல் வருடப் பாடம். பக்கத்து மேசை சிவரூபன், யாழ்ப்பாணத்துக்காரர், எட்டிப் பார்த்தார்.

“வலையைச் சுருட்டி வச்சுப்போட்டு, கடலில மீனில்லை எண்டு அழுறீர்.”

பேராசிரியை பார்த்தது

சோடிகளைத் திரும்பச் சேர்த்து, இரைச்சல் புகுந்த இடங்களை மட்டும் பொறுக்கி நீக்கினேன். படலம் மங்கலாகத் திரும்பி வந்தது. மறுநாள் பேராசிரியை திரையில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். கதவுவரை பின்னால் போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. படத்தின் கூர்மையைக் கொஞ்சம் குறைத்தால்தான் மங்கல் திரண்டு வரும்.

“ஆ, இருக்கு! எழுதுங்க. ஆனா படத்துக்குக் கீழ, கண்ணாடியக் கழட்டிட்டுப் பாக்கவும்னு மட்டும் போட்டுறாதீங்க.”

கண்ணாடி போட்டால் மறைந்துவிடும் ஒன்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் எனக்குக் கலாநிதிப் பட்டம் தரப்போகிறார்கள்.