சமையல் மேடையிலிருந்து கையெடுத்த நாள்

கனகசெட்டிக்குளம் நிறுத்தத்தில் பஸ் படியிலிருந்து இறங்கும்போது வலது முழங்கால் முதன்முறையாக மடங்கிக்கொண்டது. வலி இல்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததுபோல் இருந்தது, அவ்வளவுதான். தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் நடத்துநராக இருந்தவன் நான். எவ்வளவு வேகத்திலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிப்பேன். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு வருடம் தைலம் தடவியே ஓட்டினேன். பிறகு படியே ஏற முடியாமல் போய், வேலையை விட்டேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். "மூட்டுக்குள்ள மெத்த மாதிரி இருக்குற குருத்தெலும்பு சுத்தமா தேஞ்சிப்போச்சு. மூட்ட மாத்திட வேண்டியதுதான்." சரி என்றேன். என் மனைவி ரீத்தாதான் அழுதாள்.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். மூன்றாவது வாரம், முத்தியால்பேட்டை வீட்டுக்குள் கைத்தடியோடு நடந்தேன். பார்க்க வந்தவர்கள் "நல்லாயிட்டீங்க" என்றார்கள். எனக்கு நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. மரத்தது அங்கே மட்டும்தான் என்று தோன்றவில்லை.

பிசியோதெரபிஸ்ட் (இயன்முறை மருத்துவர்) சங்கீதா வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். மடக்கி நீட்டும் பயிற்சிக்குப் பிறகு சமநிலைப் பயிற்சி. சமையல் மேடையில் விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு, வலது காலில் நின்று பத்து எண்ண வேண்டும். நான் நான்கைத் தாண்டவில்லை.

"பலம் இருக்குது சார். ஆனா கால் எங்க இருக்குதுன்னு பாக்காமலே தெரியணும் இல்ல, அது கொறஞ்சிடுச்சு. அதத்தான் திரும்பப் பழக்குறோம். நான் சொல்ற வரைக்கும் மேடைய விடாதீங்க. ஆள் இல்லாம செய்யாதீங்க."

தலையாட்டினேன். ஓடும் பஸ்ஸில் நின்றவனுக்குச் சமையலறையில் நிற்கச் சொல்லித்தருகிறார்களே என்று எரிச்சல். அந்த நாட்களில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. ரீத்தா சர்ச்சுக்கு, காலைப் பூசைக்குப் போயிருந்தாள். மேடையிலிருந்து கையெடுத்தேன். கண்ணையும் மூடினேன். ஐந்து, ஆறு. வாசல் கதவு திறந்தது. ஏழு. உடம்பு சாய்வது எனக்குத் தெரியவே இல்லை. அவள் ஓடி வந்து தாங்கினாள். அவள் மேலேயே விழுந்தேன். என் மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மூட்டு வலிக்குதா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்ல."

"பின்ன ஏன் இப்படிப் பாக்குறீங்க?"

அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

சங்கீதா திட்டவில்லை. "மொதல்லேருந்து ஆரம்பிப்போம். ரெண்டு கையாலயும் புடிங்க" என்றார்.

மாவுக்கட்டோடு ரீத்தாவால் தலை பின்ன முடியவில்லை. சாரம் பகுதியில் குடியிருக்கும் எங்கள் மகளால் தினமும் வர முடியாது. சில வாரம் கழித்து, இனி மேடையை விட்டு நிற்கலாம் என்று சங்கீதா சொன்னதும், நானே பின்ன ஆரம்பித்தேன். அவள் ஸ்டூலில் உட்காருவாள். நான் சுவருக்கு முதுகைக் காட்டிப் பின்னால் நிற்பேன். பின்னுவதற்கு இரண்டு கையும் வேண்டும்.

"முடிய இழுக்குறீங்க."

"சாயுறேன்."

"சாயும்போது சொல்லுங்க. நான் அசையாம இருக்கேன், தோளப் புடிச்சிக்குங்க."

அப்படித்தான் நடந்தது. பாதிப் பின்னலில் பலமுறை அவள் தோளைப் பிடித்தேன்.

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நடை சீக்கிரம் வந்துவிடும். நிற்பதற்கு நாளாகும். யாராவது பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் அவர்கள் மேல் விழுந்துவிடாதீர்கள்.

கட்டுப் பிரித்த பிறகும் ரீத்தாவின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. காலையில் இன்னும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருகிறாள். ஒரு பின்னலுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று எனக்குத் தெரியாது.

நேற்று ரப்பர் பேண்டைச் சுற்றும்போது கீழே பார்த்தேன். கொசு கடித்த இடது பாதத்தை வலது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலது காலில் மட்டும் நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆச்சா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். பின்னல் முடிந்திருந்தது. அவளுக்கும் அது தெரியும். எழுந்திருக்கவில்லை.